காலடியில் ஒரு நாற்றுமுடி

அழைப்பிதழ் வந்த அன்று கோவிந்தராசு மூன்று தடவை கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தார். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. பயம் வந்தால் அவருக்கு முதல் தகவல் போவது குடலுக்குத்தான்.

கொண்டுவந்தவர் ரெத்தினம். செல்லதுரையின் நிலம், நெல் அரைக்கும் மில், கல்யாண மண்டபம் மூன்றுக்கும் அவர்தான் ஏஜெண்டு. ஆறு வருடமாகக் கோவிந்தராசுதான் ரெத்தினத்தைத் தேடி நடந்திருக்கிறார். ரெத்தினம் அவரைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. மோட்டார் சைக்கிளில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சிலேட்டுப் பலகை கனத்துக்கு ஓர் அழைப்பிதழ். அந்த அட்டையில் செல்லதுரை ஆறு இடங்களில் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறும் ஒரே சிரிப்பு.

"என்ன கோயிந்து, ஆளையே காணும்?"

"இஞ்சதாங்க இருக்கேன்."

"ஒன்னய யாரு தேடுனா? ஒம் பொண்டாட்டி எங்க?"

"நாத்துப் பறிக்கப் போயிருக்குங்க. உங்க வயலுக்குத்தாங்க."

"அய்யாவுக்கு வர்ற வெள்ளிக்கெழம மணிவிழா. நம்ம மண்டபத்துலதான். காலையில ஓமம், அது முடிஞ்சு ஒங்க செட்டோட கச்சேரி, அப்பறம் சாப்பாடு. ஒம் மவன்கிட்ட சொல்லிடு." ரெத்தினம் வண்டியைத் திருப்பினார். "அந்தப் பாட்டு கட்டாயம் வேணும்னு சொல்லச் சொன்னாரு."

"எந்தப் பாட்டுங்க?"

"தெரியாத மாரி கேக்குறான் பாரு" என்று ரெத்தினம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பும் வண்டிப் புகையும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றன. கோவிந்தராசு முதல் தடவையாகக் கொல்லைக்குப் போனார்.

கோவிந்தராசின் வீடு நிற்பது செல்லதுரையின் களத்துமேட்டு மூலையில். செல்லதுரையின் அப்பா ஒரு நல்ல அறுவடையின்போது 'கட்டிக்கடா' என்று வாயால் சொன்ன இடம். வாய் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு மட்டும் நிற்கிறது. அதுவும் முழுதாக இல்லை. கஜா புயலில் தென்னை ஒன்று கூரை மேல் விழுந்து வீட்டைப் பாதியாக்கியது. அதே மரத்தின் துண்டுதான் இப்போது மேற்குச் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இடித்தவனையே காவலுக்கு வைத்தது மாதிரி.

அரசாங்கம் வீடு கட்டித்தரத் தயாராக இருந்தது. அதற்குப் பட்டா வேண்டும். பட்டாவுக்கு, 'இந்த இடத்தைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை' என்று செல்லதுரை ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைப் பாலிதீன் உறையில் முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் கோவிந்தராசு ஆறு வருடமாகத் திரிகிறார். அறுப்புக்குப் போனாலும், இழவுக்குப் போனாலும் தாள் கூடவே போகும். மழையிலும் வியர்வையிலும் நைந்து நைந்து இப்போது இருப்பது ஒன்பதாவது நகல்.

செல்லதுரை ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அவர் பண்பான மனிதர். "போட்டுடலாம்டா" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். இல்லை என்று சொல்லியிருந்தால் மனு எழுதலாம், கொடி பிடிக்கலாம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரலாம். 'போட்டுடலாம்' என்பவரை எதிர்த்து எந்தக் கொடியைப் பிடிப்பது?

இனி அந்தப் பாட்டு.

கோவிந்தராசின் மகன் பரிதி இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் நாலு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி அவனுக்கு அன்பான கடிதம் ஒன்று எழுதியது. ஒரு பையும் ஒரு தாடியுமாக ஊர் வந்து சேர்ந்தான். வீட்டில் நெல் அளக்கும் இரும்பு மரக்கால் ஒன்று உண்டு. அளக்க நெல் இல்லாத நாட்களில் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் தாய்க்குத் தலைவலி வந்தது. பிறகு தாளம் வந்தது.

தட்டுவது கூத்தாநல்லூர் ஜாபிருக்குக் கேட்டது. காதில் இல்லை, போனில். ஜாபிரின் வாப்பா அப்துல் ஹமீது குவைத்தில் முப்பது வருடம் அத்தர் விற்றவர். மகனும் வருவான் என்று விசாவுக்குச் சொல்லிவைத்து, ஒரு கிதாரும் வாங்கி அனுப்பினார். ஜாபிர் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டான். தஞ்சாவூரிலிருந்து அனுராதா வந்து சேர்ந்தாள். பதினொரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை வயலினில் சொல்லிக்கொடுத்தவள். எழுதிவைக்காத எதையாவது வாசிக்காவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் என்ற நிலையில் இருந்தாள். நாலாவதாக நெடுமாறன். மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். எந்த வாத்தியமும் தெரியாது. ஆகவே தலைவரானார்.

மின்சார வாத்தியம் எதுவும் கிடையாது என்பது குழுவின் கொள்கை. களத்துமேட்டில் கரண்ட் கிடையாது என்பது அதன் காரணம். முன்கூட்டியே எதையும் முடிவு செய்வதும் கிடையாது. ஒருவர் தொடங்குவார், மற்றவர் விழுந்து பிடிப்பார், எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஜாம் என்று பேர் என்றான் பரிதி. களை எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் நின்று கேட்டார்கள். ஒருநாள் பரிதியின் தாய் அம்சவல்லி, இருபத்திரண்டு பெண்கள் கொண்ட நடவு செட்டின் தலைவி, முழங்காலில் சேறு காய்ந்திருக்க, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி எடுத்துப் பாடினாள். வயலினும் கிதாரும் அந்தக் குரலுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது.

"அழிந்துகொண்டிருக்கும் நம் தொல்மரபு" என்று நெடுமாறன் கண் கலங்கினார்.

"எது தம்பி அழிஞ்சுது?" என்றாள் அம்சவல்லி. "காலையிலகூட பாடினேனே."

குழுவுக்குச் 'சேறு' என்று நெடுமாறன் பேர் வைத்தார். வைத்த காரணத்தைப் பதினொரு நிமிடம் விளக்கினார். விளக்கும்போது செருப்பைக் கழற்றவில்லை. ஊரில் அதைப் பரிதி செட்டு என்றார்கள்.

ஆனி மாதம் குறுவை நடவு முடிந்த மறுநாள் களத்தில் ஒரு நீண்ட ஜாம். எட்டாவது நிமிடத்தில் அம்சவல்லி வாயில் இது வந்தது:

*மில்லக் கட்டி மாடி கட்டி*
*மீசைக்கு மை பூசினாரு*
*ஒத்த எழுத்துப் போடச் சொன்னா*
*ஊருக் கதை பேசினாரு*
*ஆறு வருசம் அடிச்ச காத்து*
*அள்ளிப் போச்சு கூரையே*
*அய்யா கையி மறந்துபோச்சோ*
*அவரு சொந்தப் பேரையே*

நெடுமாறனின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் பாட்டு நாலு லட்சம் போன்களுக்குள் போய்விட்டது. திருச்சிக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் சென்னைக்கு. சென்னையில் பிள்ளைகள் 'சேறு' என்று எழுதிய வெள்ளை பனியனில், ஒரு பொட்டு அழுக்கில்லாமல், 'பேரையே பேரையே' என்று குதித்தார்கள். ஒருவன் அம்சவல்லியிடம், "அம்மா, உங்க ப்ராசஸ் என்ன?" என்று கேட்டான். "நாத்தப் பறிச்சுக் கட்டுவோம், அப்பறம் நடுவோம்" என்றாள். அவன் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டான்.

பாட்டில் செல்லதுரை என்ற பேர் இல்லைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் மில்லும் மாடியும் மை பூசிய மீசையும் சேர்ந்து ஒரே முகத்தில்தான் இருந்தன. நாலு மாதம் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோவிந்தராசு தினமும் காலையில் எழுந்து, வீடு இருக்கிறதா என்று உள்ளேயிருந்தபடியே பார்த்துக்கொண்டார். பிறகுதான் தாம்பாளம் வந்தது.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரம். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்தது. வங்காள விரிகுடாவில் ஏதோ ஒன்று சுழல்வதாக டிவிக்காரர்கள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூரையின் நீலத் தார்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலில் கிடைத்த கெண்டை, புளி தூக்கலாகக் குழம்பாகியிருந்தது. ஜாபிரின் தாய் கமருன்னிஸா கொடுத்தனுப்பிய தம்ரூட் ஒரு டப்பாவில் யாரும் தொடாமல் இருந்தது. பயத்தில் இனிப்பு இறங்காது போலிருக்கிறது. மீன் இறங்கியது.

"போவ வேணாம்" என்றார் கோவிந்தராசு. "காய்ச்சல்னு சொல்லிடுவோம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இருக்கு, தொட்டுப் பாரு."

"ஒங்களுக்குக் காய்ச்சல்னா கச்சேரிய எதுக்குங்க நிறுத்தணும்? நீங்க என்ன வாசிக்கிறீங்க?" என்றாள் அம்சவல்லி.

"போவலன்னா இன்னும் மோசம்பா" என்றான் பரிதி. "தாம்பாளத்தத் திருப்பி அனுப்புன மாரி ஆயிடும். போவோம். ஆனா அந்தப் பாட்ட விட்டுட்டு வேற பாடுவோம்."

"கட்டாயம் வேணும்னுட்டுல்ல போனான் ரெத்தினம்" என்றார் கோவிந்தராசு.

"அப்ப அந்த எட்டு வரிய மட்டும் மாத்திப் பாடுங்க பெரிம்மா" என்றான் ஜாபிர். "மில்லக் கட்டி மாடி கட்டி மகராசனா வாழ்றாரு. இப்படி."

அம்சவல்லி ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "நானா மாத்துறேன்? நீங்க தட்ட ஆரம்பிச்சா வாயில எது வருதோ அதான் வருது. அன்னக்கி அத நெனச்சா பாடினேன்?"

"எனக்கு அதாங்க பயம்" என்றார் கோவிந்தராசு, மகனின் நண்பனைப் பார்த்து. "எழுதி வெச்சுப் பாடுற கச்சேரின்னா கிழிச்சுப் போட்டுடலாம். இவ வாய எங்க கொண்டுபோயிக் கிழிக்கிறது?"

நெடுமாறன் தொண்டையைச் செருமினார். "கலை சமரசம் செய்துகொள்ளாது. அதிகாரத்தின் முன்னால் நின்று அந்தப் பாட்டைப் பாடுவதுதான் வரலாறு."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா சார்?" என்று அனுராதா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை எனக்குப் பேப்பர் திருத்துற டூட்டி. திருச்சியில." வரலாறு அத்துடன் பஸ் ஏறிவிட்டது.

"அய்யாவுக்கும் இப்ப மனசு சரியில்லியாம்" என்றார் கோவிந்தராசு. "அறுவது முடியுற வருசத்துல கண்டம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். அதான் இவ்வளவு பெரிய ஓமம். பயந்துபோன ஆளு இன்னும் மோசமாக் கடிப்பாரு."

அம்சவல்லி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "தப்பு என் மேலதாங்க" என்றாள். "பாடுனது தப்பில்ல. முடிக்காம விட்டேன் பாருங்க, அதான் தப்பு."

"எத முடிக்காம?"

"நடவுல வரப்புல நிக்கிற ஆள எவ்வளவு வேணா கேலி பண்ணிப் பாடலாம். அவரு அப்பாவ நாங்க பாடாத பாட்டா? குடுமியப் பாடியிருக்கோம், வைப்பாட்டியப் பாடியிருக்கோம். பாடி முடிச்சு, பறிச்சுக் கட்டுன ஒரு நாத்துமுடிய அவரு காலடியில வெப்போம். அவரு கையில இருக்குறது எதயாச்சும் குடுக்கணும். வெத்தல குடுத்தாலும் போதும். எங்களுக்கு மனசு நெறஞ்சா முடிய எடுத்துக்குவோம். அத்தோட பாட்டும் போச்சு, கோவமும் போச்சு. மறுநாளு அதப்பத்தி அவரும் பேசக்கூடாது, நாங்களும் பேசக்கூடாது. அதான் முறை."

"மனசு நெறயலன்னா?" என்றாள் அனுராதா.

"எடுக்கமாட்டோம். வெச்ச கைதான் எடுக்கணும். அதத் தாண்டி அவரு போவ முடியாது. உயிரோட இருக்குற நாத்த எவன் தாண்டுவான்? அன்னிக்கி களத்துல பாடினேன். நாத்து இல்ல, ஆளு இல்ல, முடி வெக்கல. பாட்டு தெறந்தபடியே நாலு மாசமா ஊரச் சுத்துது. எப்படிங்க அவருக்குக் கோவம் போகும்? எப்படி எனக்குத் தூக்கம் வரும்?"

"இப்ப என்னம்மா செய்யப்போற?"

"முடிச்சுட்டு வரணும்."

கோவிந்தராசு எழுந்து கொல்லைக்குப் போனார். மழையில் குடைகூட எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்து வாசலில் செல்லதுரை இருபதடி உயரத்துக்கு நின்றார். பிளக்ஸில் அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் மீசை கறுப்பாக இருந்தது. பேருக்கு முன்னால் ஏழு பட்டங்கள். ஏழையும் கொடுத்தவர் பிளக்ஸ் அடித்தவர். உள்ளே ஓமப் புகையில் சொந்தபந்தம் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. அறுபது கலசத்துத் தண்ணீரைத் தலையில் வாங்கி, உடை மாற்றி, செல்லதுரையும் மனைவியும் மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி சிம்மாசனம் மாதிரி செய்யப்பட்டிருந்தது. பின்னால் பூச்சுவர்; இரண்டு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்குகள் நெருக்கமாக எரிந்தன. இறங்க வேண்டுமானால் முன்பக்கமாகத்தான் இறங்க முடியும். அலங்காரம் செய்தவன் அழகை மட்டும்தான் யோசித்திருந்தான்.

கோவிந்தராசு கடைசி வரிசையில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கதவோரமாக உட்கார்ந்தார். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சாம்பார் வாசம் வந்தது. ஐந்நூறு பேர் பசியோடு கலையை ரசிக்கத் தயாரானார்கள்.

பரிதி மரக்காலைக் கவிழ்த்தான். ஜாபிர் கிதாரைச் சுருதி சேர்த்தான். சேர்த்ததையே மறுபடி மறுபடி சேர்த்தான். அவன் நெற்றியில் ஓடிய வியர்வை கிதார் மேல் சொட்டியது. அம்சவல்லி செருப்பில்லாமல், பட்டுப்போல் மினுக்கும் நைலக்ஸ் சேலையில், கையில் ஒரு கட்டைப்பையோடு நின்றாள். ரெத்தினம் பையைப் பார்த்தார். பரிசு என்று நினைத்திருப்பார்.

இரண்டு பாட்டு நல்லபடியாகப் போனது. ஒன்று மழைக்கு, ஒன்று மாட்டுக்கு. மூன்றாவதற்கு முன்னால் செல்லதுரையே மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கேக்க ஆசப்படுற பாட்டு ஒண்ணு இருக்கு. நம்ம அம்சவல்லி சென்னை வரைக்கும் போயிப் பாடுது. எனக்கு மட்டும் நேர்ல பாடல." ஆறு அட்டைச் சிரிப்பும் ஒரே முகத்தில் வந்தன. "பாடும்மா. நானும் கேக்குறேன்."

சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

அவள் பாடினாள். ஓர் எழுத்து மாற்றவில்லை. மீசை வந்தபோது யாரோ இருமி மறைத்தார்கள். 'அவரு சொந்தப் பேரையே' என்று முடித்து, பையிலிருந்து ஒரு நாற்றுமுடியை எடுத்தாள். காலையில் செல்லதுரையின் நாற்றங்காலிலேயே பறித்தது. பச்சையாக, வேரில் சேறு சொட்ட, அதை அவர் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வெள்ளை மார்பிளில் சேற்றுத் தண்ணீர் மெல்ல வழிந்தது.

முன்வரிசையில் இருந்த கிழட்டு மிராசுதார்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "ஏ செல்லதுரை, முடி வெச்சுட்டாடா! குடுறா எதயாச்சும்!"

செல்லதுரைக்கு முறை தெரியும். தகப்பனோடு வரப்பில் நின்றவர்தான். இடுப்பைத் தடவினார், பட்டு வேட்டியில் மடி இல்லை. சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா ஒன்று மட்டும் இருந்தது. அதை எடுத்தார். எடுத்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு மைக்கில் சொன்னார்:

"எனக்குத்தான் என் பேரு எழுத மறந்துபோச்சே. பேனா எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்க."

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. என்ன பெருந்தன்மை, என்ன நகைச்சுவை என்று ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கோவிந்தராசுக்கு மட்டும் காது அடைத்துப்போனது. பேனா வந்துவிட்டது. கையெழுத்து இனி இந்த ஜென்மத்தில் வராது. முறைப்படி எல்லாம் முடிந்துவிட்டது. கதவைப் பார்த்தார்.

செல்லதுரை எழுந்தார். "சரி, எல்லாரும் சாப்பிடுவோம்."

அம்சவல்லி முடியை எடுக்கவில்லை.

பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். தாய் மனசு நிறையவில்லை என்பது பரிதிக்குப் புரிந்துவிட்டது. அவன் விரல் அவனைக் கேட்காமலே மரக்காலில் விழுந்தது. ஜாபிர் தப்பான கம்பியை மீட்டினான். தப்பையே மறுபடி மீட்டி அதைச் சரியாக்கினான். அனுராதா ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, அறுந்துவிடும்போல, இழுத்துக்கொண்டே போனாள்.

எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

செல்லதுரை ஒரு காலைத் தூக்கினார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தாண்டாதீங்க." மெதுவாகச் சொன்னார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. "இன்னிக்கிப்போயி. ஆயுசுக்கு ஓமம் பண்ண ஈரம் இன்னும் காயல. பச்ச நாத்துங்க."

தூக்கிய கால் பழைய இடத்துக்கே திரும்பியது. ரெத்தினம் ஓடிவந்து குனிந்தார்.

"தொடாத ரெத்தினம்!" என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் அதட்டினார். "வெச்ச கைதான் எடுக்கணும். என்ன ஏஜெண்டு நீ?"

ரெத்தினம் குனிந்தபடியே பின்வாங்கினார்.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அம்சவல்லி புதிதாக ஒரு வரி பாடவில்லை. கடைசி ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பேரையே. சத்தமாக இல்லை, பிள்ளைக்குப் பாடம் சொல்வது மாதிரி. மரக்கால் கூடவே தட்டியது. சாம்பார் ஆறியது. செல்லதுரையின் மை பூசிய மீசையிலிருந்து வியர்வை கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. அவர் நாற்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஓமகுண்டத்தைப் பார்த்தார். கோவிந்தராசுக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. தினமும் கண்ணாடியில் பார்ப்பது.

"என்னதான் வேணும் ஒனக்கு?"

அவள் மறுபடியும் பேரையே என்றாள்.

செல்லதுரை கையை நீட்டினார். "அந்தப் பேனாவக் குடு. தாள் எங்க?"

அம்சவல்லி கடைசி வரிசையைப் பார்த்தாள். ஐந்நூறு தலைகளும் திரும்பின. கோவிந்தராசு எழுந்ததும் நடந்ததும் அவருக்கு நினைவில்லை. மேடைக்கு வந்து உறையை எடுத்தபோது பாலிதீன் முடிச்சு அவிழவில்லை. ஆறு வருடத்து முடிச்சு. பல்லால் கடித்துக் கிழித்தார். வைத்துப் போட இடம் தேடினார்கள். பரிதி மரக்காலைக் கவிழ்த்தபடியே நீட்டினான். அதன் அடிப்பாகத்தில் தாளை விரித்து, இரும்பின் குழியில் எல்லாம் பேனா தடுக்க, செல்லதுரை தன் பேரை எழுதினார். ஓர் எழுத்துகூட மறந்திருக்கவில்லை.

அம்சவல்லி குனிந்து நாற்றுமுடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மண்டபம் மறுபடி கைதட்டியது. கூட்டத்துக்குத் தட்டத்தானே கை. செல்லதுரை சிரித்தபடியே அவள் பக்கம் சாய்ந்தார். இந்தத் தடவை மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"நல்லாப் பாடுற அம்சவல்லி. இனிமே இதயே தொழிலா வெச்சுக்க. சேத்துல எறங்கிக் கஷ்டப்படாத."

அதற்கு என்ன அர்த்தம் என்பது பந்தியில் பாயசம் வரும்போது தெரிந்தது. ரெத்தினம் இலைக்கு எதிரே வந்து நின்றார். "திங்கக்கெழமையிலேர்ந்து தாளடி நடவுக்கு மெஷினு வருது. ஒன் செட்டு வரவேணாம்னு சொல்லிடு."

"இருவத்திரெண்டு பேருங்க" என்றாள் அம்சவல்லி.

"நானும் எண்ணத் தெரிஞ்சவன்தான்."

"முடி எடுத்தாச்சு. கோவம் இருக்கக்கூடாதுங்க. அதான் முறை."

"கோவமா? யாருக்கு? அய்யா சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னாரு" என்று ரெத்தினம் அடுத்த பந்தியைக் கவனிக்கப் போனார். அம்சவல்லி பாயசத்தைத் தொடவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வானம் கறுத்து, தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. வேதாரண்யம் பக்கம் கடல் ஏறுகிறது என்று ஜாபிரின் போன் சொன்னது. அதே போனில் நெடுமாறனின் செய்தியும் இருந்தது: மண்டபத்துக் காட்சியை யாரோ படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பெங்களூரில் கூப்பிடுகிறார்கள், வரலாறு நிகழும்போது உடன் நின்றதில் பெருமை.

அம்சவல்லி நடவு செட்டுப் பெண்களின் தெருப் பக்கம் பார்த்தபடி வாசலில் நின்றாள். போய்ச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வாசல். முதல் வாசல் எது என்று முடிவு செய்ய முடியவில்லை. கையில் இன்னும் அந்த நாற்றுமுடி இருந்தது. எங்கே நடுவது என்றும் தெரியவில்லை.

உள்ளே கோவிந்தராசு தாளை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். கூரை ஒழுகியது. பெட்டி துருப்பிடித்திருந்தது. சுவர் நம்பத்தக்கதல்ல. கடைசியில் தாளைத் தரையில் ஒரு பலகை மேல் வைத்து, மரக்காலைக் கவிழ்த்து மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். தார்பாய் அடித்தது. தென்னந்துண்டு சுவரோடு சேர்ந்து முனகியது.

"அம்சு, அவரு சிரிச்சாரே. அது எந்தச் சிரிப்பு?"

பெருமழை இறங்கியது. பரிதி சட்டென்று திரும்பினான். மழைக்கு நடுவில் மரக்காலிலிருந்து ஒரு தாளம் வந்துகொண்டிருந்தது. அவன் விரல் இதுவரை தொடாத நடை; சின்னச் சின்னதாக, விடாமல், நின்று நின்று திடுக்கிட்டு ஓடியது. ஜாபிர் கிதாரை உறையிலிருந்து எடுத்தான்.

"அப்பா, நல்லாருக்குப்பா. நிறுத்தாதீங்க. அப்படியே வாசிங்க."

கோவிந்தராசு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"எங்கடா வாசிக்கிறேன்?" என்றார். "கை நடுங்குது."